மறுபடியும் மூஞ்சிக்கல் பல் ஆஸ்பத்திரிக்கு

பழனி பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டி புறப்படக் காத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கூடையோடு நின்ற பெண்ணிடம் என் கணவர் ஆயக்குடிக் கொய்யா வாங்கினார். எனக்குப் பழம் பிடிக்காது, காய்தான் வேண்டும். கடித்தால் சத்தம் வர வேண்டும். அது அவருக்குத் தெரியும். நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய காய் ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார்.

வண்டி மலையேறத் தொடங்கியதும் கடித்தேன். சத்தம் வந்தது. ஆனால் அது கொய்யாவின் சத்தம் இல்லை.

கீழ்க் கடைவாயில், வலது பக்கம், ஏதோ உடைந்திருந்தது. நாக்கால் தேடினேன். ஒரு பல்லின் ஓரம் போயிருந்தது. மிச்சம் இருந்தது உடைந்த கண்ணாடி மாதிரி கூராக நின்றது. போன துண்டை விழுங்கினேனா, துப்பினேனா, தெரியவில்லை.

"என்ன, கொட்டை மாட்டிக்கிச்சா?" என்றார் அவர்.

"ஆமா" என்றேன்.

அவருடைய அண்ணன் பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். குழந்தை அழுத அழுகையையும் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதையும் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் வளைவுக்கு வளைவு நாக்கைக் கொண்டுபோய் அந்தக் கூரில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே ஏற ஏற ஜன்னல் காற்று குளிர்ந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் பல்லில் சுரீரென்றது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பல் உடைந்தால் பல் டாக்டரிடம் போக வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். தெரிய வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் நான் போகவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை பார்த்த கிளாவரைப் பள்ளிக்கூடத்தின் கூரைத் தகரம் காற்றில் பறந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தோழி ஒருத்தி தொலைபேசியில் பேசினாள். "ஊரு ஒலகத்தப் பத்தியெல்லாம் எழுதுற. உங்கம்மாவப் பத்தி வந்தா மட்டும் ஒரு வரியோட தாண்டிப் போயிடுறியே, ஏன்?" என்றாள். உண்மைதான். அம்மாவைப் பற்றி எழுத வேண்டுமானால் பல் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத வேண்டும். போன குளிர்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

பேக்கரி மாடி

டாக்டர் பிலோமினா கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பல் ஆஸ்பத்திரி தொடங்கியபோது எனக்குக் கல்யாணமான புதிது. திண்டுக்கல்லிலிருந்து வந்த சின்னப் பெண். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு. அப்படியும் பல் கிடுகிடுவென்று ஆடும். "மத்தவங்க பல்லு ஆடுதான்னு பாக்க வந்தேன். இங்க என் பல்லுதான் ஆடுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

கீழே பேக்கரி. மேலே இவர். மாடிப்படியில் பாதி வரைக்கும் பன் வேகும் வாசனை. அதற்கு மேல் கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும். இரண்டு வாசனையும் கலக்கும் ஒரு படி உண்டு. அங்கே நின்றால் பசிக்கிறதா பயமாக இருக்கிறதா என்று தெரியாது.

அன்றைக்கெல்லாம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பல்லைப் பாதி குடைந்திருக்கும்போது மிஷின் நின்றுவிடும். டாக்டர் வாயில் பஞ்சை வைத்து, "அப்படியே இருங்க, வந்துரும்" என்பார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து நிற்கும். எதிர்க் கடையின் பெயர்ப்பலகை கூடத் தெரியாது. வாயைத் திறந்தபடி நான் படுத்திருக்க, அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் வெயிலைப் பற்றிப் பேசுவார். நான் பதில் சொல்ல முடியாது. அதனாலேயோ என்னவோ எங்களுக்குள் நல்ல சிநேகம் உண்டாயிற்று.

என் கணவர் தண்டபாணியின் வாயும் அவர் கையில்தான் இருந்தது. பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்து வழித்து வளர்ந்த பிள்ளை. நாற்பதைத் தாண்டுவதற்குள் மேல்வரிசைப் பல் முழுவதும் போய்விட்டது. அவருக்குப் பல் செட்டு செய்து மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தார் டாக்டர். இவர் பார்த்துவிட்டு, "யாரு இந்த மாப்பிள்ளை?" என்றார். அப்புறம் வாரக்கணக்கில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார். பழனிக்காரருக்கும் சிலோன்காரி என்று பெயரெடுத்த எனக்கும் கல்யாணம் நடந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். இங்கே வேண்டாம்.

அம்மா படியேறிய நாள்

என் அம்மா செல்லம்மா, இலங்கையில் மலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கப்பலேறி இங்கே வந்தபின் கொடைக்கானலுக்கு மேலே ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை. லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். என்னை ஹாஸ்டலில் போட்டுப் படிக்கவைத்தார். அதனால் அம்மாவோடு வேலை செய்த பெண்கள் பலரை எனக்கு முகத்தால் கூடத் தெரியாது. அப்பா போனபின் அம்மா எங்களோடு வந்துவிட்டார். அப்போதும் தோட்டத்து வேலையை மட்டும் விடவில்லை.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் அவருக்கு இடுப்பில் இருக்கும். "கொழுந்தெடுக்குற குளிருக்கு இது இல்லாம ஏலாது புள்ள" என்பார். சிவந்து கறுத்த பற்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. புது ஆள் யாராவது வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார். என் கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான் நிற்கிறார்.

ஒரு தடவை நாக்குக்குக் கீழே எரிகிறது என்றார். காரம் படுவதில்லை, சோற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று விடியுமுன் எழுந்து கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஈறெல்லாம் ரத்தம்.

"எதுக்கும்மா இப்படி?"

"டொக்டரு சின்னப் புள்ள. இந்த வாயத் தொறந்து காட்ட வெக்கமா கெடக்கு."

நாற்காலியைச் சாய்த்ததும், "கோச்சியில படுத்த மாதிரி இருக்கு" என்றார். கோச்சி என்றால் ரயில். ஆனால் வாயைத் திறக்கவில்லை. முந்தானையை எடுக்கவே இல்லை. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இதுக்குத்தான் நான் படிச்சேன். எனக்கு எந்த வாயும் அசிங்கமில்ல. மெதுவாத் தொறங்க."

அம்மா திறந்தார்.

டாக்டர் எப்போதும் வாயைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். அன்று பேச்சு நின்றது. விளக்கைத் திருப்பினார். ஒரு விரலை நாக்குக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் தடவித் தடவி எதையோ தேடினார். கீழே பேக்கரியில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. 

அம்மாவைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோங்க, தள்ளிப்போடாதீங்க என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் படியிறங்கி வந்தபோது அம்மா பேக்கரி வாசலில் பன்னைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"பல்லப் புடுங்கவே இல்ல பாத்தியா. நல்ல டொக்டரு" என்றார்.

மதுரையில் புற்றுநோய் என்றார்கள். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அறுத்தார்கள். அம்மாவின் பேச்சு குழறி, பிறகு நின்றேபோனது. அடுத்த பேரிக்காய்க் காய்ப்புக்கு அவர் இல்லை. காரியங்களை என் கணவர் வீட்டார் பழனியிலேயே, சண்முகநதிக் கரையில் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்த மாடிப்படி ஏறவில்லை. டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாற்காலியில் படுத்தால் தாடைக்குக் கீழே அந்த விரல்கள் வரும். அவ்வளவுதான் காரணம். மூஞ்சிக்கல் வழியாகப் போனாலும் எதிர்ச்சாரியிலேயே நடந்தேன். பல் வலித்தால் கிராம்பு வைத்துக்கொண்டேன். ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம் அப்படியே ஓடிவிட்டது.

காரமில்லாத குழம்பு

கொய்யா கடித்த பத்துப் பதினைந்து நாளில், உடைந்த பல் உரசும் இடத்தில், நாக்கின் ஓரம் ஒரு புண் வந்தது. வந்தது போகும் என்று விட்டேன். போகவில்லை. தேன் தடவினேன், மணத்தக்காளிக் கீரை தின்றேன். குளிர்காலம் பிறந்து, குழாய்த் தண்ணீர் கையில் கத்தியாக இறங்கும் நாட்களும் வந்துவிட்டன. புண் அப்படியே இருந்தது.

நான் வெற்றிலை போட்டதே இல்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்பது மட்டும்தான் வரும். குளியலறைக் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்தினேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில், "ஏம்மா வாய்க்குள்ள எதையோ வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி பேசுற?" என்றாள். சளி என்றேன்.

வீட்டில் கண்டுபிடித்தது நாக்கு. என்னுடையது இல்லை, அவருடையது.

"சரசு, ஒரு மாசமா பாக்குறேன். குழம்புல காரமே இல்ல. ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி கெடக்கு."

"வயசாகுதுல்ல. காரம் ஆகாது."

"யாருக்கு ஆகாது? எனக்கு ஆகும்." ஒரு பச்சை மிளகாயை எடுத்துக் கடித்துக் காட்டினார். பிறகு என் தட்டைப் பார்த்தார். தயிரில் கரைத்த சோறு. கையால் பிசைந்து பிசைந்து குழைத்து வைத்திருந்தேன். அவர் முகம் மாறியது. அம்மா அப்படிச் சாப்பிட்டதை அவரும் பார்த்தவர்தானே.  மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வெள்ளனே எழுந்து குளித்துத் தலைசீவி நின்றார்.

"பல்லு செட்டு உரசுது. ஈறெல்லாம் புண்ணு. டாக்டரம்மாவப் பாக்கணும். நீயும் வா."

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குச் சோலி கெடக்கு."

"எனக்குப் பயமா இருக்குடி" என்றார்.

லாரியோட்டி மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் காய்கறி கொண்டுபோன மனிதர். மழையில் பாறை சரிந்து கிடக்கும் பாதையில் தனியாக இறங்கியவர். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கிளம்பினேன்.

"இது நான் அடைச்ச பல்லு"

பேக்கரி இல்லை. அந்த இடத்தில் சாக்லேட் கடை. படியில் பன் வாசனை இல்லை, பாதிக்கு மேல் கிராம்பு வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அது மூக்கில் ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இவர் என் பின்னால் நின்றார். அவசரப்படுத்தவில்லை. யாரோ இறங்கி வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, "ம், வெரசா ஏறு, செட்டு உரசுது" என்றார்.

டாக்டர் பிலோமினாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி கனத்திருந்தது. அறையில் புது நாற்காலி, சுவரில் திரை. முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும் பழையவை. எங்களை யாரென்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இவரை உட்காரவைத்துப் பல் செட்டைக் கழற்றிப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"எங்கயுமே உரசலையே சார்."

"அப்படியா? அப்ப சரியாயிருச்சு போல" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் இவர். செட்டு கையில் இருந்ததால் வார்த்தை காற்றாக வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. இவளப் பாருங்க. எங்கிட்ட காட்ட மாட்டேங்குறா."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பொக்கை வாயும் ஏந்திய செட்டுமாக அவர் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாற்காலியில் படுத்திருந்தேன்.

வாயைத் திறந்தேன். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். ஒரு பல்லைத் தட்டினார்.

"இது நான் அடைச்ச பல்லு" என்றார். "பாதியில கரண்ட் போயி, நீங்க வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்தீங்க. கிளாவரை டீச்சர்."

நான் தலையசைத்தேன்.

"ஏன் இத்தனை வருஷமா வரலைன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

பிறகு அவர் பேச்சு நின்றது. விளக்கைத் திருப்பினார். நாக்கின் ஓரத்தைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். விரல் அழுத்தியது. அப்புறம் தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும், அந்த விரல்கள் வந்தன. எத்தனை வருஷமாக எதற்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடந்தேனோ அது வந்தேவிட்டது. குளிர்ந்த விரல்கள்தான். மெதுவாகத்தான் தொட்டன. நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பனி இல்லை, நல்ல வெயில்.

"மறைச்சுப் பேச மாட்டேன் டீச்சர்" என்றார் டாக்டர். "இப்பப் பார்த்து என்னால சொல்ல முடியாது. கழுத்துல எதுவும் தட்டுப்படலை. இந்தக் கூரு குத்தித்தான் புண் ஆறாம இருக்கலாம். இப்பவே அந்தக் கூர்முனையை ராவி மழுக்கி விடுறேன். ரெண்டு வாரம் பாப்போம். ஆறிட்டா சந்தோஷம். ஆறலைன்னா ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். எதுவா இருந்தாலும் இந்தத் தடவை நீங்க இங்க வந்தாகணும்."

"வர்றேன்" என்றேன். இவர் செட்டை மாட்டிக்கொண்டு, "நான் கூட்டிட்டு வருவேன்" என்றார்.

இரண்டு வாரம்

அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் புண்ணைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சமையற்கட்டுக்கு வந்துவிட்டார். பருப்பைக் குழைய வேகவைப்பார். மிளகாய் போடாமல் ரசம் வைப்பார். தனக்கும் அதையே ஊற்றிக்கொள்வார்.

மத்தியானங்களில் வெயில் காய உட்காருவேன். அம்மா கடைசி மாதங்களில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது கிளாவரையில் வேலை. கேரள எல்லையை ஒட்டிய ஊர், போக்குவரத்து அரிது. வாரம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருவேன். இவரும் லாரியோடு போய்விடுவார். அம்மா பகல் பூராவும் வீட்டில் தனியாக, பேச ஆளும் இல்லாமல், பேச வாயும் இல்லாமல் கிடந்திருப்பார். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அம்மாவைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுத முடியாமல் போனது அதனால்தான். தனியாகக் கிடந்தவர் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் எழுதக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் காப்பியை ஆற்றாமல் குடித்துவிட்டேன். எரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. டாக்டர் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

"ஆறிருச்சு" என்றார் டாக்டர். "சுத்தமா ஆறிருச்சு டீச்சர். உடைஞ்ச பல்லு மேல மூடி மாதிரி ஒரு கேப் போட்டா போதும்."

இவர் வாசல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். நான் நாற்காலியிலேயே கிடந்தேன். எழ மனசில்லை. நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. கோச்சியில் படுத்த மாதிரி.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அம்மா கூட்டிட்டு வந்தவங்களையெல்லாம் இப்பவும் பாக்குறீங்களா?"

"யாரை? அம்மா யாரைக் கூட்டிட்டு வந்தாங்க?"

டாக்டர் என்னையே பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

"மதுரையில கரண்ட் வச்சுட்டு வந்த அப்புறம் ஒரு நாள் மத்தியானம் உங்கம்மா படியேறி வந்தாங்க. பின்னாடி மூணு பொம்பளைங்க. எல்லாருமே தோட்டத்து ஆளுங்க. அம்மாவுக்கு அப்பப் பேச்சு சரியா வராது. என்னைப் பார்த்து வாயைத் தொறந்து காட்டுனாங்க. நான் அவங்களைத்தான் பாக்கச் சொல்றாங்கன்னு விளக்கைப் போட்டேன். தலையை ஆட்டி, அந்த மூணு பேரையும் நாற்காலிப் பக்கம் தள்ளி விட்டாங்க. இவளுக வாயைப் பாருன்னு அர்த்தம்."

"எங்கம்மாவா?"

"உங்கம்மாதான். வந்தவங்க சொன்னாங்க. தோட்டத்துல தேத்தண்ணி நேரத்துல ஒவ்வொருத்தி முன்னாடியும் போய் நிப்பாங்களாம். முந்தானையை எடுத்துட்டு வாயை நல்லாத் தொறந்து காட்டுவாங்களாம், அறுத்த எடம், வெந்த எடம் எல்லாத்தையும். அவங்க வெத்தலைப் பையைப் புடுங்கி ஓடையில வீசுவாங்களாம். கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவாங்க. அந்த சீசன் பூரா வந்துக்கிட்டே இருந்தாங்க. நான் எண்ணல. அதுல ரெண்டு பேருக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுது. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா தவறிட்டாங்கன்னு கேட்டு உங்க வீட்டுக்கு வந்தேன் டீச்சர். பூட்டிக் கெடந்துச்சு. பழனிக்குப் போயிட்டீங்கன்னாங்க. அப்புறம் நீங்க வருவீங்க, பேசிக்கலாம்னு இருந்தேன். நீங்க வரவே இல்ல."

இவர் வாசலிலிருந்து திரும்பினார். "அத்தை அப்ப ஒரு தடவ எங்கிட்டக் காலைக் காட்டிச் செருப்புக் கேட்டாங்க. நடக்கிறதுக்குன்னு கையால சாடை காட்டுனாங்க. கெட்டிச் செருப்பா வாங்கிக் கொடுத்தேன். எங்க நடக்கப் போறீங்கன்னு நான் கேக்கலையே" என்றார்.

அம்மா தனியாகக் கிடக்கவில்லை. அந்த ஒரு விஷயம் மனசுக்குள் போய் உட்கார எனக்கு வெகுநேரம் பிடித்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பொழைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளாவரைப் பக்கம் மக வீட்டோட போயிட்டாங்க. இன்னொருத்தர் இங்கதான். பாக்கியம். ஞாயித்துக்கிழமை சந்தையில காரட் விப்பாங்க. தன் கதையை யார் கேட்டாலும் சொல்லுவாங்க, அதனாலதான் பேரைச் சொல்றேன்."

சந்தை

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. சாலையோரம் முழுக்கச் சாக்கு விரித்து முட்டைக்கோசும் பட்டாணியும் முள்ளங்கியும் குவிந்து கிடக்கும். மண் வாசனையும் மல்லித்தழை வாசனையுமாக இருக்கும்.

பாக்கியம் என்று டாக்டர் சொன்னவரை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவரிடம்தான் காரட் வாங்குகிறேன். நாக்குக் குழறிப் பேசுவார். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். பேச்சுக் கொடுத்தால் அவருக்குச் சிரமம் என்று, கை சாடையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்று அவர் சாக்குக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "அக்கா, நான் செல்லம்மா மக" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறேன். "டீச்சரு. பெரிய மனுஷி. எங்கிட்டப் பேச மாட்டா, காரட் மட்டும் வாங்குவான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அம்மா உங்களைக் கூட்டிட்டுப் போனது எனக்குத் தெரியாதுக்கா. இப்பத்தான் டாக்டர் சொன்னாங்க."

அவர் கையிலிருந்த காரட்டைக் குவியலில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போனாளா? அடியே, அது உடும்புப் பிடி! நான் வரமாட்டேன்னு தோட்டத்து மண்ணுலயே ஒக்காந்துட்டேன். எனக்கு ஒரு நோவும் இல்ல, போடின்னேன். ஒங்கம்மாவும் எதுத்தாப்புல ஒக்காந்துட்டா. வாயத் தொறந்துக்கிட்டு. பொழுது சாயுது, மூடவே மாட்டேங்குறா. ஈ வந்து ஒக்காருது. அவ ஓட்டல. நான்தான் பாக்க மாட்டாம ஓட்டுறேன். மறுபடி வருது, மறுபடி ஓட்டுறேன். சரிடி, வந்து தொலைக்கிறேன்னு எந்திரிச்சேன்."

இரண்டு கிலோ காரட் கேட்டு ஒருவர் வந்து நின்றார். "இருய்யா, பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்று அவரை நிறுத்திவிட்டு, அம்மா எப்படி முன்னால் நடந்தார், வழியில் எங்கே நின்று மூச்சு வாங்கினார், படியேறும்போது யார் யாரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். வேகம் கூடக் கூட வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பாதிக்குமேல் எனக்கு விளங்கவில்லை.

"அக்கா, எனக்குச் சரியாப் புரியல. மறுபடி சொல்லுங்க" என்றேன்.

சலித்துக்கொள்ளவே இல்லை. பக்கத்துச் சாக்கை எனக்கு உட்காரத் தள்ளிக் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.